காரையில் முளைத்தவை

காரைக்காலில் என் அத்தை வீட்டுக் கொல்லைச் சுவர் 40 அடி நீளம், ஆள் உயரம். மெல்லிய பழைய செங்கல், நடுவில் சுண்ணாம்புக் காரை. வடக்குப் பாதி ஓரளவு நன்றாக இருக்கிறது. தெற்குப் பாதியில் பூச்சு எப்போதோ உதிர்ந்துவிட்டது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்குகள். போன ஐப்பசியில் போனபோது அந்த இடுக்குகளில் 11 வகைச் செடி இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

அத்தை எண்ணவில்லை. "செவுத்துல செடி மொளச்சா வீட்டுக்கு ஆகாதுடா. கொத்தனார வரச் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் பேத்துட்டு சிமெண்டு பூசிட்டா ஒரு தொல்லையும் இல்ல" என்றார். கேட்டதும் எனக்குப் பதறியது. தெற்குப் பாதியை மட்டும் என்னிடம் விடுங்கள், அதில் காட்டுப்பூத் தோட்டம் ஒன்று போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோட்டம் தரையிலதானடா போடுவாங்க?" பிறகு என்ன நினைத்தாரோ, தை வரைக்கும் தவணை கொடுத்தார்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இங்கிலாந்துத் தோட்டக்கலைப் புத்தகங்களிலிருந்து வந்தது. வில்லியம் ராபின்சன் 1870-இல் 'த வைல்ட் கார்டன்' என்ற புத்தகத்தை எழுதினார். பாத்தி கட்டி, கோலம் போட்டதுபோல் நிறம் நிறமாகப் பூ நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறியும் விக்டோரிய வழக்கத்தை அவருக்குப் பிடிக்காது. செடி தானே வாழக்கூடிய இடத்தில் அதை விட்டுவிடு என்பது அவர் கட்சி. பழைய சுவரும் இடிபாடும்கூட அவருக்குத் தோட்ட நிலம்தான். 1901-இல் கெர்ட்ரூட் ஜீகில் சுவர்த் தோட்டத்தையும் நீர்த் தோட்டத்தையும் பற்றி ஒரு புத்தகம் போட்டார். இவற்றைப் படித்துவிட்டு, ராபின்சன் சொல்வதுபோல எங்கள் ஊர்ச் செடிகளில் எதைச் சுவர் இடுக்கில் வைக்கலாம் என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். பட்டியல் நகரவே இல்லை. ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் ஒரு கப்பல் வந்து நின்றது.

*

முதலில் ஊர்ப் பெயரே வந்து நின்றது. காரைக்கால் என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. மீன் போகும் வழி என்று ஆங்கிலேயர் கால கெசட்டியர் சொல்கிறது. காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து, கால் என்றால் வாய்க்கால். ஆகவே சாந்து பூசிக் கட்டிய வாய்க்கால் என்பார்கள் சிலர். காரை என்பது ஒரு முட்செடி, அது மண்டிக் கிடந்த இடம் என்பார்கள் வேறு சிலர். எது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சுவரைப் பூசும் பொருளுக்கும் காட்டில் முளைக்கும் செடிக்கும் தமிழில் ஒரே சொல் இருக்கிறது, அந்தச் சொல்லை இந்த ஊர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

காரைச் செடியை நகரத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். எதிரெதிராகச் சின்ன இலைகள், இணை இணையாக முள், பச்சையும் மஞ்சளும் கலந்த பொடிப்பூ. பழம் மஞ்சளாகப் பழுக்கும். ஆடு மேய்க்கப் போன தலைமுறைக்கு அதுதான் நொறுக்குத் தீனி.

இந்த ஊரின் மகள், பேய் உருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது எட்டியையும் கள்ளியையும் சூரையையும் பேர் சொல்லி அழைக்கிறார். அந்த வரிசையில் காரையும் இருக்கிறது. பக்திப் பாடலில் தாமரையும் கொன்றையும் வருவது வழக்கம். அம்மையார் மனிதர் ஒதுக்கிய இடத்தில் முளைக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பாட்டை ஒரு தாவரப் பட்டியலாகவும் வாசிக்கலாம் என்று சொன்னால் சைவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஈமப் புறங்காட்டில் என்னென்ன முளைக்கும் என்று நின்று பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

பக்கத்துத் திருநள்ளாறு இன்னும் ஒரு படி மேல். சனிப்பெயர்ச்சிக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் கவனிக்கிறார்களோ தெரியாது. அங்கே சாமியின் பெயர் தர்ப்பாரண்யேஸ்வரர். தர்ப்பைப் புல் காட்டு ஈசர். தலமரமும் தர்ப்பைதான். ஒரு புல்லை தலமரம் ஆக்கிய ஊர் இது. காட்டுச் செடியை மதிக்க ராபின்சன் வந்து எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்தான் சொல்லித் தந்தார், என்ன செய்வது.

*

காரைக்காலிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் அரை மணிக்குள் தரங்கம்பாடி. ஐரோப்பாவுக்கு நம் களைகளை அறிமுகம் செய்த ஊர் எதுவென்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியதும் அச்சுக்கூடம் வைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதே மிஷனுக்கு 1768-இல் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கை அந்த அளவுக்குத் தெரியாது. ஸ்வீடனில் லின்னேயஸிடம் நேரடியாகப் படித்தவர் அவர். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல் லத்தீன் பெயர் வைக்கும் வேலையை லின்னேயஸ் எடுத்துக்கொண்ட காலம். அவருடைய மாணவர்கள் கண்டம் கண்டமாகப் போய்ச் செடி அனுப்பினார்கள். சோழமண்டலக் கடற்கரைக்கு வாய்த்தவர் கோனிக்.

அவர் பெயர் நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. கறிவேப்பிலையின் லத்தீன் பெயரில் வரும் 'கோனிகி' அவரைக் குறிப்பதுதான், வைத்தவர் லின்னேயஸ். மிஷன் சம்பளம் போதாமல் கோனிக் ஆற்காட்டு நவாபிடம் வேலைக்குப் போனார், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனார், 1785-இல் காக்கிநாடா பக்கம் இறந்தார். குறிப்புகளையெல்லாம் லண்டனிலிருந்த ஜோசஃப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகும் தரங்கம்பாடியில் பாதிரிமார் செடி சேர்ப்பதை நிறுத்தவில்லை. 1760-இல் வந்த மொரேவியச் சகோதரர்கள் ஊருக்கு வெளியே தங்களுக்கென்று ஒரு தோட்டம் வைத்திருந்தார்கள். 1776-இல் வந்த ரோட்லர் செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரெழுதி அடுக்கிக்கொண்டே இருந்தார். அவர் சேர்த்தவை இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. தமிழ் படிப்பவர்களுக்கு ரோட்லர் அகராதிக்காரர். தமிழ் ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1834-இல் வந்தது. 1836-இல் அவர் இறந்தார். மீதிப் பகுதிகளை மற்றவர்கள் 1841 வரை கொண்டுவந்து முடித்தார்கள். பகலில் செடி, இரவில் சொல் என்று அவர் வாழ்ந்ததாக நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. இரண்டும் ஒரே வேலைதானே? வயலோரத்தில் கிடப்பதை எடுத்து, உதறி, ஒரு தாளில் வைத்து, இதற்கு இன்னது பேர் என்று எழுதுவது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இவர்கள் சேர்த்ததில் பெரும்பகுதி நாம் களை என்று பிடுங்கிப் போடுவது. ராக்ஸ்பர்க் கோனிக்கிடம் பழகியவர், பிற்பாடு கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவர் ஆனவர். பழைய சுவர்களில் மண்டும் ஒரு மஞ்சள் பூச்செடிக்கு அவர் 'முராரியா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சுவருக்குரியது என்று பொருள். அந்தச் செடிக்குத் திருவாரூர் பக்கத்திலோ நாகப்பட்டினத்திலோ ஒரு பாட்டி தந்த தமிழ்ப் பெயர் இருந்திருக்கும். நான் கேட்டவர்கள் எல்லோரும் "மஞ்சப்பூச் செடி" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அத்தை வீட்டுச் சுவரின் 11-இல் அதுவும் ஒன்று.

*

மற்ற பத்தையும் சொல்லிவிடுகிறேன். குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, தும்பை, நாய்வேளை, சிறுபூளை, அம்மான் பச்சரிசி, கிணற்றடிப் பூண்டு, நித்தியகல்யாணி. பத்தாவது அரசு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதில் எது 'நம்ம ஊர்ச் செடி'? பட்டியல் போடும்போது நான் செய்த முதல் முட்டாள்தனம், அயல்நாட்டுச் செடிகளை நீக்கிவிட்டு நாட்டுச் செடிகளை மட்டும் வைப்பது என்று முடிவெடுத்தது. இப்போது இணையத்தில் எல்லோரும் சொல்வது அதுதான். கேட்க நன்றாகவும் இருந்தது.

கிணற்றடிப் பூண்டை எடுங்கள். வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள். விளையாட்டில் முட்டி தேய்ந்தால் இலையைக் கசக்கிச் சாறு விடாத பிள்ளை டெல்டாவில் உண்டா? இதைவிட நாட்டு மருந்து எது இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன். அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. லின்னேயஸ் 1753-இல் அதை விவரித்தபோது கையில் இருந்தது வெராக்ரூஸிலிருந்து வந்த மாதிரி. எப்படியோ கடல் தாண்டி வந்து, நம் கிணற்று உறைச் சுவரில் இடம் பிடித்து, பெயரும் வாங்கி, வைத்தியத்திலும் சேர்ந்துவிட்டது. குடியுரிமைக்கு இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அரச தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து லண்டன் செல்சி தோட்டத்துக்குப் போய், ஐரோப்பியர் போன வெப்ப நாடுகளுக்கெல்லாம் அழகுச் செடியாகப் போனது. உப்புக் காற்றும் மணலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தோட்டத்துக்கென்று கொண்டுவந்த செடி வேலி தாண்டிப் போய்க் கல்லறைகளில் முளைத்தது. நாம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயரும் வைத்தோம். 1958-இல் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதுவும் அடுத்து வந்த வின்கிறிஸ்டினும் ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மருந்தாயின. சுடுகாட்டுப் பூ என்று வீட்டுக்குள் சேர்க்காத செடி குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் தடுத்தது. இதை அத்தையிடம் சொன்னேன். "அதான் நித்தியகல்யாணின்னு பேரு வச்சிருக்காங்க" என்றார், ஏதோ முன்பே தெரிந்ததுபோல.

இங்கிலாந்திலும் இதே கதை உண்டு. சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் வளர்ந்த ஒரு மஞ்சள் பூச்செடியை ஆக்ஸ்போர்டு தாவரத் தோட்டத்தில் வைத்தார்கள். அது சுவரேறித் தப்பி, நகரத்துக் கல்லூரி மதில்களில் குடியேறியது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் தண்டவாளத்துச் சரளைக் கல்லை எரிமலைச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு நாடெங்கும் பரவியது. ராபின்சன் புகழ்ந்த இயற்கைச் சுவர்கள் பலவற்றில் இருப்பது இப்படித் தோட்டத்திலிருந்து ஓடிப்போனவைதான்.

போக்குவரத்து ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. 1850-களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து கப்பல் ஏற்றி மார்த்தினிக்கும் குவாதலூப்பும் ரீயூனியனும் அனுப்பப்பட்ட கூலிகள் சும்மா போகவில்லை. ரீயூனியன் தீவில் இன்றும் கறிவேப்பிலைக்கு 'கலூபிலே' என்று பெயர். லின்னேயஸ் அதற்குக் கோனிக்கின் பெயரை வைத்தார். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் தங்கள் நாவில் இருந்ததை வைத்தார்கள். எது நிலைத்தது என்பது சமையலறையைப் பொறுத்தது.

நாட்டுச் செடி மட்டும் என்ற என் கொள்கை இங்கே உடைந்துபோனது. உண்மையாகவே இந்த மண்ணில் பழையவை என்றால் என் சுவரில் சிறுபூளைக்கும் வேளை இனத்துக்கும் சங்கப் பாட்டு சாட்சி சொல்லும். பூளையும் வேளையும் புறநானூற்றில் பாழ்நிலத்தில் சேர்ந்தே வருகின்றன, மான் மேயும் காட்டுவழியில். ஆனால் அதே வேளைப் பூவைத் தயிரோடு சேர்த்துப் புளிங்கூழ் ஆக்கும் ஆய்மகளும் புறநானூற்றில் இருக்கிறாள். பாழ்நிலத்துப் பூவும் அடுப்படிப் பூவும் ஒன்றே. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல்நாள் கூரையில் காப்புக் கட்டுவது இந்தப் பூளையைத்தான். எங்கள் பக்கம் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. அதனால்தான் இங்கே அது சுவரிலேயே இருக்கிறது.

*

இனி அரசு. ஆனால் அதற்கு முன் பக்கத்து வீடு.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீடு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சொல்தா வீடு என்றுதான் தெருவில் சொல்வார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவரைச் சொல்தா என்பது காரைக்கால், புதுச்சேரி வழக்கு. இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. 1739 பிப்ரவரியில் தஞ்சை அரசியல் குழப்பத்துக்கு நடுவே பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது காரைக்கால். இடையில் ஆங்கிலேயர் சிலமுறை பிடித்தார்கள், விட்டார்கள். 1817 முதல் 1954 நவம்பர் 1 வரை தொடர்ச்சியாகப் பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரர்களும் பிரான்சில். வீட்டை விற்க மனம் வரவில்லை, வந்து பார்க்க நேரம் இல்லை.

காரைக்காலில் சுவர்த் தாவரங்களைப் படிக்க விரும்பினால் இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் போக வேண்டும். தெருவில் மிக அழகான காட்டுப்பூத் தோட்டம் பூட்டிய வீட்டின் முகப்பில்தான் இருக்கிறது. ஒவ்வோர் இடுக்கும் யாரோ கிளம்பிப்போன ஆண்டிலிருந்து கணக்கு வைத்திருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டு அரசமரம் ஒன்று ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. அந்த வீட்டைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். 'செம்ம' என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியதற்காக இப்போது கொஞ்சம் வெட்கம்.

இடிபாட்டை ரசிப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ரோமின் கொலோசியத்தில் முளைத்த செடிகளை மட்டும் 1643-இலிருந்து தாவரவியலாளர்கள் பட்டியல் போட்டு வந்தார்கள். ரிச்சர்ட் டீகின் என்ற ஆங்கில மருத்துவர் 1855-இல் வெளியிட்ட புத்தகத்தில் 420 வகை. இத்தாலி ஒன்றாகி ரோம் தலைநகரானதும், 1870-களில் தொல்லியல் அதிகாரிகள் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கவிஞர்களும் சுற்றுலாப் பயணிகளும் புலம்பினார்கள். புதிய அரசுக்குச் சுவர் வேண்டியிருந்தது, பூ தேவைப்படவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு நேர் எதிராகவும் ஒன்று செய்தார்கள். அவர்களுடைய இந்தோசீனாவில், காரைக்கால் சொல்தாக்களும் குமாஸ்தாக்களும் வேலைக்குப் போன அதே இந்தோசீனாவில், அங்கோர்க் கோயில்களை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிலிருந்து மீட்டார்கள். ஆனால் தா ப்ரோம் என்ற ஒன்றை மட்டும் மரங்களின் பிடியிலேயே விட்டுவைத்தார்கள், கண்டுபிடித்த கோலத்தில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. கல்லை நெரிக்கும் அந்த வேர்களில் ஒரு பங்கு நம் அரசு, ஆலின் இனத்தைச் சேர்ந்த அத்திகளுடையது. இன்று அந்தக் கோயில் மேலும் சரியாமல் முட்டுக்கொடுத்துச் சீர்செய்வதில் இந்தியத் தொல்லியல் துறை 2000-களிலிருந்து ஈடுபட்டிருக்கிறது. ஒரு நாடு அழகு என்று விட்டதை இன்னொரு நாடு போய்த் தாங்கிப் பிடிக்கிறது.

ரோமிலும் அங்கோரிலும் அந்தச் சுவருக்குப் பின்னால் யாரும் குடியிருக்கவில்லை என்பதை நான் முதலில் யோசிக்கவில்லை. என் அத்தை குடியிருக்கிறார். 2008-இல் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியபோதும், 2018-இல் கஜா அடித்தபோதும் அந்த வீட்டுக்குள் இருந்தவர் அவர். சுவரில் இடுக்கு என்பது எனக்குத் தோட்டம். அவருக்கு அது புயல் ராத்திரியில் காதில் விழும் சத்தம்.

*

கொத்தனார் கார்த்திகையில் வந்தார். அறுபதைத் தாண்டியவர், அப்பா காலத்தில் சுண்ணாம்பு வேலை செய்தவர். கரணையின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். வடக்குப் பாதியில் நின்றார். அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள்.

"தம்பி, இங்கதான் செவுரு செத்துக்கிட்டிருக்கு. அங்க இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சிமெண்டுப் பூச்சைத் தட்டினார், உள்ளே வெற்றுச் சத்தம். ஒரு சில்லைப் பெயர்த்துக் காட்டினார். பின்னால் இருந்த செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரைக்கு மூச்சு உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுகிறது. கடலோர மண்ணின் உப்பு ஈரத்தோடு ஏறி, போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை வெடிக்கவைக்கிறது. இந்தப் பக்கம் உப்புப் பூத்தது என்பார்கள். நம் மொழியில் சுவரும் பூக்கும், அது நல்ல பூ இல்லை.

தெற்குப் பாதி பூச்சு உதிர்ந்து கிடந்தாலும் செங்கல் கெட்டியாக இருந்தது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறல் சேர்த்துக் குழைத்த காரை அது. அது இறுகுவதே காற்றிலிருந்து கரிவளியை உறிஞ்சித்தான்; வருடக்கணக்கில் இறுகி மறுபடி கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதுவாகவே ஆகிவிடும். கடலிலிருந்து எடுத்ததைச் சுவரில் மறுபடி கடல் ஓடாக்குவது. மெல்லிய கீறல் விழுந்தால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து தானே அடைத்துக்கொள்ளும். புதுக் காரையில் காரம் அதிகம், எதுவும் முளைக்காது. பழகி, காரம் தணிந்த பிறகே செடிக்கு இடம் கொடுக்கும். சுவர் வயதானால்தான் பூக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப செடி இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"எந்தச் செடி?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் நான் இத்தனை மாதம் படித்தும் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை.

இருவருமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனோம். தும்பை, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, நாய்வேளை எல்லாம் மழைக்கு வந்து வெயிலுக்குக் காய்பவை. நூல் போல வேர், சித்திரைக்குள் ஆளே இருக்காது. இருக்கட்டும் என்றார். குப்பைமேனி இருக்கட்டும், ஆனால் பூனை வரும். உண்மைதான், அதன் வேரைப் பூனைகள் தேடி வந்து பிறாண்டும், பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர். மூக்கிரட்டை ஆகாது, மேலே படர்ந்து அப்பாவிபோல் இருக்கும், கீழே கிழங்கு மாதிரி வேர் தடித்துக்கொண்டே போய் இடுக்கை அகலப்படுத்தும். அதைப் பிடுங்கித் தரையில் வைக்கலாம், கீரைக்கு ஆகும். நித்தியகல்யாணியை அவர் கொஞ்சநேரம் பார்த்தார். அடித்தண்டு கட்டையாகிறவரை விடாதே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு விதையிலிருந்து புதிதாக வரவிடு என்றார். கிணற்றோரம் ஈரமான மூலையில் நீளநீளமாகக் கிளைவிட்ட பெரணி ஒன்று இருந்தது. சுண்ணாம்பில் வளர்வது அதற்கு உயிர். இந்த வகைதான் மண்ணிலிருந்து ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சிச் சேர்த்துவைக்கிறது என்று 2001-இல் புளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். ஐப்பசியில் நான் எண்ணத் தவறிய 12-ஆவது அது. கொத்தனார் அதைத் தொடவே இல்லை. "இது எங்க அப்பா காலத்துலேர்ந்து கெணத்துலதான் இருக்கு" என்றார்.

கடைசியில் அரசு. இரண்டு இலைதான், உள்ளங்கை அகலம். ஏதோ பறவை தின்ற பழத்தின் விதையை எச்சத்தோடு போட்டுப்போயிருக்கும். மண்ணே இல்லாத இடத்தில் பிறந்து, வேரை மண் தேடி அனுப்பும் சாமர்த்தியம் அந்த இனத்துக்கு உண்டு. இலை இரண்டு என்றால் வேர் செங்கல்லைத் தாண்டிப் போயிருக்கும். வெட்டினால் துளிர்க்கும், மறுபடி வெட்டினால் மறுபடி துளிர்க்கும், ஒவ்வொரு துளிர்ப்புக்கும் உள்ளே வேர் பருக்கும். தா ப்ரோமும் இப்படித்தான் இரண்டு இலையில் தொடங்கியிருக்கும்.

அதைப் பிடுங்க கொத்தனார் சம்மதிக்கவில்லை. அரசை நான் தொடமாட்டேன் என்றார். நானும் தயங்கினேன், என் தயக்கம் வேறு வகை. அத்தை அடுப்படியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரும் சூடமும் கொண்டுவந்தார். சூடம் கொளுத்தி, சுவரைத் தொட்டுக் கும்பிட்டு, "வேற எடம் பாத்துக்கப்பா" என்று அந்த இரண்டு இலையிடம் சொல்லிவிட்டு, தண்ணீரை இடுக்கில் ஊற்றி ஊறவைத்து, விரலால் தோண்டித் தோண்டி வேரோடு எடுத்தார். முக்கால் முழ நீளம் இருந்தது வேர். அதை ஈரச் சாக்கில் சுற்றிக் குளத்தங்கரையில் நட்டுவிட்டு வரச்சொல்லி என்னிடம் கொடுத்தார்.

தோட்டத்தின் திட்டம் இப்போது இதுதான். தெற்குப் பாதியில் ஆழமான இடுக்குகளைக் கொத்தனார் சுண்ணாம்புக் காரையால் அடைக்கிறார், மேலோட்டமானவற்றை விட்டுவிடுகிறார். வடக்குப் பாதியின் சிமெண்டை உடைத்து எடுக்கிறார். அந்தச் செலவு என்னுடையது. விட்ட இடுக்குகளில் அடுத்த புரட்டாசி கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன், களிமண்ணும் சாணமும் குழைத்து அதில் தும்பை, சிறுபூளை, நித்தியகல்யாணி விதைகளைப் பிசைந்து விரலால் அப்ப வேண்டும். அந்த லத்தீன் பெயருள்ள மஞ்சள் பூ தானாகவே வரும், அதற்கு யாரும் விதைக்க வேண்டாம். சுவரின் காலடியில், சுவரிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு காரைச் செடி. அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். நர்சரிகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். திருநள்ளாற்றுப் பக்கம் ஒரு வேலியில் பார்த்ததாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறாராம்.